ஒன்பது புள்ளி ஒன்பது ஹெச்.பி., நாலரைக் கட்டை

சென்னையில் சூரியன் கடலில் மறையாது. இது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஐம்பது வயது நிறைந்த என் தம்பிக்கு மட்டும் தெரியவில்லை. "கடலில் சூரியாஸ்தமனம், சென்னைக் கரையோரம், உங்களுக்கே உங்களுக்கான தனிப் படகு" என்று எவனோ போட்டிருந்த விளம்பரத்தைப் போனில் பார்த்துவிட்டு, தன் பிறந்த நாளுக்கு என்று பதிவு பண்ணிவிட்டான்.

"அஸ்தமனம் மேற்கேடா அசடே. கடல் கிழக்கே இருக்கு" என்றேன்.

"அதெல்லாம் போய்ப் பார்த்துக்கலாம் சின்னக்கா. நீயும் நானும் மட்டும்தான். வேற ஒரு ஈ காக்கா கிடையாது. மாட்டேன்னு சொல்லப்படாது."

ஈ காக்கா கிடையாது என்று அவன் அழுத்திச் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஊரூர் குப்பத்து மணலில் போய் நின்றால், விளம்பரத்தில் இருந்த வெள்ளை சோபாப் படகைக் காணோம். மீன் பிடிக்கிற நீல ஃபைபர் படகு ஒன்று நின்றது. நடுவில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒன்றின் முதுகில் ஏதோ கல்யாண மண்டபத்தின் பெயர் எழுதியிருந்தது. படகுக்காரர் என் தலை வழியாக ஓர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டினார். போனை வாங்கி, மூடி போட்ட சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார். தண்ணீர் பட்டால் வீணாகிவிடுமாம். பிறகு இரண்டு ஆட்கள் என் கக்கத்தில் கை கொடுத்து, உற்சவ மூர்த்தியை வாகனத்தில் ஏற்றுகிற மாதிரி என்னைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

முன் நாற்காலியில் ஏற்கெனவே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, அதே ஆரஞ்சுச் சட்டை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்திருந்தாள்.

"தனிப் படகுன்னியே?"

"டூரிஸ்ட். கடைசி நிமிஷத்துல சேர்ந்துண்டா" என்று தம்பி வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

படகைத் தள்ளினார்கள். முதல் அலை என் மடியில் விழுந்தது. இரண்டாவது அலையில் நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். மூன்றாவதைத் தாண்டி, மூச்சு விட்டு நிமிர்ந்தபோதுதான் அந்த அம்மாளின் வலது கையைப் பார்த்தேன். அலைக்கு அலை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சுண்டு விரலை எண்ணாமல் மோதிர விரலில் ஆரம்பிக்கிற அந்தக் கோணல் எண்ணிக்கை உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு.

என் அக்கா.

நானும் அக்காவும் இருபத்தாறு வருஷம் சேர்ந்து கச்சேரி செய்தவர்கள். சகோதரிகள் என்று போஸ்டரில் ஒரே பெயராகத்தான் போடுவார்கள். ஏழு வருஷமாகப் பேச்சு கிடையாது. மயிலாப்பூரில் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறோம். அவள் முதல் மாடி, நான் இரண்டாவது மாடி. அவள் கதவைத் தாண்டாமல் நான் காய் வாங்கப் போக முடியாது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் அவள் தினம் காலையில் ஒரு தாமரைப் பூ போடுவாள். எல்லாரும் கும்பிடு போடுவார்கள். நான் அதற்கு மட்டும் போட மாட்டேன். மத்தியானம் ஒன்றுவிட்ட சித்தி ரோஜாப் பூ போட்டால், வேண்டுமென்றே இரண்டு கும்பிடு போடுவேன்.

சண்டை அரைக் கட்டைக்கு. பாட்டுத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கட்டை என்பது சுருதியின் உயரம். ஐந்து கட்டைக்குப் பாடுகிறவள் நாலரைக்கு இறங்கினால், குரல் அத்தனை உயரம் ஏற வேண்டாம். எங்கள் சுருதி எப்போதும் ஐந்து. ஒரு டிசம்பரில், ஒரு சபாவின் மேடைக்குப் பின்னால், அக்கா தம்புராவை நாலரைக்கு வைத்தாள். நான் ஐந்துக்கு ஏற்றினேன். அவள் இறக்கினாள். நான் ஏற்றினேன். திரை தூக்கும்போது நான் மட்டும் மேடையில் இருந்தேன். அவள் சபா கேண்டீனில் உட்கார்ந்து அடை அவியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். அத்தனை கோபத்திலும் இரண்டாவது தடவை அவியல் கேட்டாள் என்று பரிமாறினவரே சொன்னார். அது முதல் அவளும் பாடவில்லை, நானும் மேடை ஏறவில்லை.

"யார் முதலில் பேசுவது" என்பதுதான் மிச்சம் இருந்தது. உள்ளதைச் சொன்னால், அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாளா என்று நான் ஏங்கிப் போயிருந்தேன். ராத்திரி அவள் வீட்டுக் குழாய்ச் சத்தம் கேட்டால்கூடப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். ஆனால் நானாகப் போய்ப் பேசுவதா? எனக்கென்ன தலையெழுத்தா?

"துரோகி" என்றேன் தம்பியிடம்.

"துரோகிதான்" என்று முன்பக்கத்திலிருந்து தம்பியைப் பார்த்தே சொன்னாள் அக்கா. அவளிடமும் "நீயும் நானும் மட்டும்தான்" என்று அளந்துதான் முன்னாலேயே அனுப்பி உட்கார வைத்திருக்கிறான்.

"நடுக்கடல்ல எழுந்து போக முடியாதோன்னோ? அதான்" என்றான் அவன். "எனக்குப் பிறந்த நாள் பரிசு வேற ஒண்ணும் வேண்டாம். லைட்ஹவுஸ் கிட்ட இன்ஜினை நிறுத்தச் சொல்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு வர்ணம் பாடிடுங்கோ. அப்புறம் ஜென்மத்துக்கும் சண்டை போட்டுக்கோங்கோ."

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். படகுக்காரருக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. காசு வாங்கியாயிற்று, இடம் காட்ட வேண்டும்.

"அதோ பாருங்க, அஷ்டலட்சுமி கோயிலு. இந்தாண்ட முறிஞ்ச பாலம். சினிமாவுல எல்லாம் வந்துகீது. தோ, பட்டினப்பாக்கம். என் மச்சான் வூடு அங்கதான் கீது, அந்தப் பச்ச பெயிண்டு."

பச்சை பெயிண்ட் அடித்த வீடுகள் நாற்பதாவது தெரிந்தன. நாங்கள் மூவரும் மரியாதைக்கு "ஆமாம் ஆமாம்" என்றோம். ஊரைக் கடலிலிருந்து பார்ப்பது வேடிக்கையாகத்தான் இருந்தது. சாந்தோம் கோபுரம் வெள்ளையாக நின்றது. மற்றதெல்லாம் தண்ணீர்த் தொட்டியும் செல்போன் டவரும்.

லைட்ஹவுஸுக்கு நேரே இன்ஜினை நிறுத்தினார். நிறுத்தினதும் படகு நின்ற இடத்திலேயே குலுங்க ஆரம்பித்தது. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகச் சாய்ந்தான். பிறந்த நாள் கேசரி முழுவதும் வங்காள விரிகுடாவுக்குப் போயிற்று.

"வண்டி ஓடிக்கினே இருந்தா வாந்தி வராது சார்" என்று மறுபடியும் இன்ஜினைப் போட்டார்.

ஆகவே இன்ஜின் ஓடியாக வேண்டும். ஓடினால் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். சுருதிப் பெட்டி செயலி டப்பாவுக்குள் போனோடு கிடந்தது. பாட்டுக்காரியின் காதால் அந்த ரீங்காரத்தைச் சும்மா விட முடியுமா? மனசுக்குள் 'ஸ' என்று ஸட்ஜம் பிடித்துப் பார்த்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்ஜின் அஞ்சு கட்டையில ஓடறது" என்றேன், தம்பியைப் பார்த்து.

முன்னாலிருந்து, கடலைப் பார்த்தபடியே குரல் வந்தது.

"நாலரை."

ஏழு வருஷத்தில் அவள் எனக்குப் பதில் சொன்ன முதல் வார்த்தை அது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா?

"அஞ்சு. காதுல பஞ்சா வெச்சிண்டிருக்கா?" என்றேன்.

"நாலரை. சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு அரைக் கட்டை கூடத்தான் கேக்கும்."

"ரெண்டும் இல்லம்மா" என்றார் படகுக்காரர் பொறுமையாக. "ஒம்போது புள்ளி ஒம்போது. ஹெச்.பி."

உண்மையில் அவள் சொன்னதுதான் சரி. நாலரைதான். அதை ஒப்புக்கொள்வதைவிட இன்ஜினைத் திருத்துவது எனக்குச் சுலபமாகப் பட்டது. "கொஞ்சம் ஏத்துங்கோ" என்றேன். அவர் கைப்பிடியைத் திருகினார். ரீங்காரம் ஏறியது. படகும் பாய்ந்தது.

"இப்ப அஞ்சு!"

"இறக்குங்கோ" என்றாள் அக்கா. இறக்கினார். படகு தவழ்ந்தது. "ஏத்துங்கோ" என்றேன். பாய்ந்தது. "இறக்குங்கோ." தவழ்ந்தது. இப்படியே லைட்ஹவுஸுக்கும் சாந்தோமுக்கும் நடுவில் ஓடுவதும் தவழ்வதுமாக இருந்தோம். தம்பி ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஓரத்தில் சாய்ந்தான். வலை போட வந்த வேறொரு படகு கிட்டே வந்தது.

"இன்னா நைனா, இன்ஜின் மக்கர் பண்ணுதா?"

"அதெல்லாம் இல்ல மச்சி. சுதி பாத்துக்கினு கீறாங்க!"

அந்தப் படகில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

"யம்மா, கொழாயடி சண்ட பாத்துகீறேன், எலெக்சன் சண்ட பாத்துகீறேன். இன்ஜின் சவுண்டுக்கு சண்ட இன்னிக்கிதாம்மா பாக்கறேன்" என்றார் எங்கள் படகுக்காரர். "ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி, பெட்ரோலு பாதி காலி. கரைக்குப் போவ வேணாமா? எதுனா ஒண்ணு சொல்லுங்க. என்னைக் கேட்டா ஸ்பீடாதான் போவணும். ஆத்து முகத்தாண்ட தண்ணி இழுக்கும்."

"பார்த்தியா? அவரே சொல்லிட்டார். அஞ்சு" என்றேன். கையைத் தட்டாத குறை.

படகைத் திருப்பி, ஐந்து கட்டையில் தெற்கே விட்டார். காற்று முகத்தில் அறைந்தது. தம்பி வெளிறிப் போய், "ஒரே ஒரு வர்ணம்... வயத்துல இனிமே ஒண்ணும் பாக்கி இல்லை... பாடிடுங்கோ" என்றான்.

அக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. தினம் படியில் பார்க்கிற தலைதான், ஆனாலும் நான் பார்த்திருக்கவில்லை. எப்போதும் ஆரம்பிக்கிறவள் அவள்தான். ஆரம்பித்தாள்.

ஆயிரம் தடவை சேர்ந்து பாடிய வர்ணம். பல்லவியில் அவள் குரல் பழைய மாதிரியே இருந்தது. நான் சேர்ந்துகொள்ள வாயைத் திறந்தேன், ஆனால் கேட்கிற ஆசையில் பாடாமல் இருந்தேன். அடுத்தது மேல் ஸட்ஜத்துக்குப் போக வேண்டிய இடம். போனாள். அங்கே குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. விடாமல் இன்னொரு தடவை போனாள். கிழிசல் மாதிரி ஒரு சத்தம் வந்து அறுந்தது.

அவள் நிறுத்திவிட்டாள். இன்ஜின் மட்டும் ஐந்து கட்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

"தொண்ட கட்டிக்கிச்சும்மா. வெந்நி குடிச்சா சரியாப் பூடும்" என்றார் படகுக்காரர்.

ஏழு வருஷமாக நான் கேட்ட ஐந்து கட்டை கிடைத்தாயிற்று.

அக்கா நாற்காலியில் திரும்பி, கண்ணாடியையும் கழற்றிவிட்டு, நேராக என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கே உனக்குத் தெரியும், இல்லையாடீ? எனக்கு மேல போகலைன்னு."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன், என்னிடமேகூட. பிடிவாதக்காரி, சுருதியில் அலட்சியம் வந்துவிட்டது, வயசாகிவிட்டது என்று அவளைத் திட்டித் திட்டியே காலத்தை ஓட்டினேன்.

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சேவா ஏத்தின?"

"இருபத்தாறு வருஷம் மேல் ஸ்தாயி எல்லாம் நீ பாடின. நான் கீழேயே ஒட்டிண்டு வந்தேன். கைத்தட்டல் வர்ற இடமெல்லாம் உன்னுது. அன்னிக்கு உன்னால முடியலைன்னு தெரிஞ்சதும்... சபைக்கு அது கேக்கணும்னு இருந்தது எனக்கு. நான் மேல போய்க் காட்டணும்னு இருந்தது. போறுமா?"

தம்பி ஓரத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். அவனுக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது.

"இதை அன்னிக்குச் சொல்லியிருந்தா ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன்" என்றாள் அக்கா.

"இப்ப அறை."

"இப்ப படகு ஆடறது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிட்டாள். ஆற்று முகத்துவாரத்தில் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. படகுக்காரர் தம் கடமையை மறக்கவில்லை. "சார், சார், சன்செட்டு! சீக்கிரம் பாருங்க!" என்று கரைப் பக்கம் கையைக் காட்டினார். இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை. நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ, இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டாளோ?

படகு மணலில் ஏறி நின்றது. முதலில் அக்காவை இறக்கினார்கள், அப்புறம் என்னை. மீன் விற்கிற பெண்கள் நாலைந்து பேர் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மிதவைச் சட்டையை நிதானமாக அவிழ்த்துப் படகுக்காரரிடம் கொடுத்தாள். புடவைத் தலைப்பைப் பிழிந்து இழுத்துச் செருகிக்கொண்டாள். என் முன்னால் வந்து நின்றாள். பளீர் என்று ஒரு அறை விட்டாள்.

"ஐயோ, இன்னாமா இது, பெரிய வூட்டுப் பொம்பளைங்க!" என்று ஒரு கூடைக்காரி எழுந்தே விட்டாள்.

"என் தங்கை. நீங்க உக்காருங்கோ" என்றாள் அக்கா அவளிடம். பிறகு என்னிடம், "நாளைக்குக் கார்த்தால ஆறு மணிக்கு என் ஆத்துக்கு வா. தம்புராவை எடுத்து வெக்கறேன்."

கன்னம் எரிந்தது. இந்தத் தடவை நானே இறங்கி வந்தேன்.

"நாலரைதானே?"

"மூணு" என்றாள்.

மூணு கட்டை. பெண் குரல்கள் லேசில் போகாத பாதாளம். அதில் அவளுக்கு மேல் ஸ்தாயி கொஞ்சம் மிஞ்சலாம். எனக்குக் கீழ் ஸ்தாயி மொத்தமும் போய்விடும். இருபத்தாறு வருஷம் நான் பாடிய இடத்தில் வெறும் காற்றுதான் வரும். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"சரி. மூணு" என்றேன்.