கூலர் காற்றில் ஓடிய கார்

எனக்குப் படிப்பு ஏறவில்லை. எட்டாவதோடு நின்றுவிட்டேன். ஆனால் பார்த்தது எதுவும் மறக்காது. அதிலும் பயந்துபோய்ப் பார்த்தது என்றால் அதன் வாசனைகூட மூக்கில் நிற்கும். இதைச் சொல்லும்போதே எனக்குக் கருகிய வாடை வருகிறது.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். டில்லியில் அப்பா ஒரு அரசாங்க ஆபீசில் பியூன். கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் ஒன்றரை அறை, அதுவும் கடைசி மாடி. மே மாதத்தில் கூரை தோசைக்கல் மாதிரி காயும். அந்த வருஷம் அம்மா என் தங்கையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்ததால், அப்பா எங்கேயோ சொல்லிவைத்து ஒரு பழைய இரும்புக் கூலர் கொண்டுவந்திருந்தார். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிற்கும். பக்கெட் பக்கெட்டாக நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். வைக்கோல் மாதிரி இருக்கும் புல்லை நனைத்து வருகிற ஈரக்காற்று, முகத்தில் படும்போது சொர்க்கம்.

குளிர்காலத்திலேயே அம்மாவின் தம்பி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்டவர். பேசமாட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அப்பா ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது தினமும் ஒரு சொல் விழும். "வாரும் மாப்ளே, சுவரு இன்னைக்கு என்ன சொல்லிச்சு?" என்பார்.

கொஞ்சம் தள்ளியிருந்த மார்க்கெட்டில் பையன்கள் போய் வீடியோ கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் கடை ஒன்று இருந்தது. கடைக்காரரை இந்தியில் அண்ணன் என்கிற மாதிரி பையா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவருடைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் கிழடு. புதிதாக ஒரு கார் ரேஸ் கேம் வந்திருந்தது, அது எதிலும் ஓடவில்லை. படத்தை வரைந்து காட்டுகிற புது கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிவந்து, ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியையும் மாமாவிடம் கொடுத்து, இது மட்டும் போதுமா, போட்டுப் பார்த்துச் சொல் என்று அனுப்பினார். சரியாகச் செய்தால் கடையில் வேலை. அப்பாவும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டார்.

"அவன் வேலை குடுத்தா இரும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை வண்டியில ஊருக்குப் போயிரும். நான் கோவிச்சுச் சொல்லல."

அம்மா அன்று சாப்பிடவில்லை.

பெட்டியைக் கொண்டுவந்த கதை ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். கடை நாலு ஸ்டாப் தள்ளி. போர்வையில் சுற்றி, பஸ் சீட்டில் வைத்து, நானும் மாமாவும் பக்கத்தில் நின்றோம். அந்தக் காலத்தில் கேட்பாரற்ற சாமானைத் தொடாதே, ரேடியோ கிடந்தால் தொடாதே, டிபன் டப்பா கிடந்தால் தொடாதே, குண்டாக இருக்கும் என்று பஸ்ஸிலேயே எழுதியிருக்கும். கண்டக்டர் பெட்டியைப் பார்த்து "யே கிஸ்கா ஹை?" என்று கத்தினார். யாருடையது என்று கேட்கிறார் என்பது மாமாவுக்குப் புரிய நேரமாயிற்று. அதற்குள் முன்சீட்டு, பின்சீட்டு இரண்டும் காலி. அன்றைக்கே என் மனசில் விழுந்துவிட்டது, இது வெடிக்கிற சாமான் என்று.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது பயம் இன்னும் கூடியது. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக ஒயர்கள். மாமா புதுக் கார்டைச் செருகி கேமைப் போட்டார். படம் கண்ணைப் பறித்தது. ரோடு பளபளத்தது. ஆனால் கார் ஓடவில்லை, தவளை மாதிரித் தாவியது. நின்று, தாவி, நின்று, தாவி.

"ஏன் மாமா இப்படி?"

பல நாள் பேசாதவர் அன்று பேசினார். "மருமவனே, அடுப்புல நாலு தோசக்கல்லு காயுதுன்னு வையி. மாவு ஊத்துத ஆளு ஒரே ஆளு, அவனும் கெழவன். கல்லு காஞ்சு என்ன பிரயோசனம்? இந்தக் கார்டுதான் கல்லு. ப்ராசஸர்தான் மாவு ஊத்துதவன்."

"கெழவன மாத்திரலாம்லா?"

"பையா கல்லு மட்டும்தான குடுத்திருக்காரு. கெழவனையே ஓட வைக்கணும்."

போர்டில் நகக்கண் அளவு ஒரு கறுப்புக் குல்லா இருந்தது. அதைப் பிடுங்கி அடுத்த முள்ளில் மாட்டினால் ப்ராசஸர் தன் சக்திக்கு மேல் ஓடுமாம். மாட்டினார். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரம்தான். மத்தியானச் சூட்டில் கிழவனுக்கு மயக்கம் வந்து திரை அப்படியே உறைந்தது. மறுபடி போட்டார், மறுபடி உறைந்தது. பையா சாயங்காலம் வருகிறேன் என்றிருந்தார்.

அம்மா கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் போய், தன் கட்டிலுக்கு நேராக இருந்த கூலரைத் தள்ளிக்கொண்டு வந்து பெட்டிக்கு எதிரே நிறுத்தினாள்.

"யக்கா, ஒனக்கு?"

"எனக்கென்னல? விசிறி இருக்கு. நீ பாரு."

என்னைத் தனியே அழைத்து, "மாமா பக்கத்துலயே இரு. எந்திரிச்சு வெளிய போனா என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிடு" என்றாள். அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும் தெரிந்துவிட்டது, இது வெடிக்கும் என்று நினைத்தேன். சுவரோரம் போய் சுவிட்சின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

திறந்த பெட்டிக்குள் ஈரக்காற்று குபுகுபுவென்று போனது. கார் ஓடியது. நிற்காமல் ஓடியது. மாமா சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "பாத்தியா மருமவனே, கெழவன் பறக்கான்!"

கூலர் காற்றோடு தண்ணீரும் தெறிக்கும். எங்கள் தலையில் தெறித்தால் சிரிப்போம். அன்று பெட்டிக்குள் தெறித்தது. படக் என்று ஒரு சத்தம், ஒரு நீலப்பொறி, அப்புறம் அந்த வாடை. நான் கத்திக்கொண்டே சுவிட்சை அணைத்தேன்.

மாமா பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்தார். செருப்புப் போடாமல் மொட்டைமாடிப் படியில் ஏறினார்.

"அம்மா! மாமா போறாரு!"

அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. "ஓடுல! கையப் பிடிச்சுக்கோ! விடாதல, விட்டிராத!" அம்மாவின் குரல் அப்படிக் கிழிந்து நான் கேட்டதில்லை.

மாடித் தரை காலைச் சுட்டது. மாமா கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன்.

"விடு மருமவனே. காத்து வாங்க வந்தேன்."

இலை அசையவில்லை. நான் விடவில்லை, அம்மா திட்டுவாள் என்று. அந்த வயிற்றோடு, படிக்கு ஒரு மூச்சாக அவளும் ஏறி வந்துவிட்டாள். வந்து மாமாவின் சட்டை நுனியைப் பிடித்தாள். தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு இழுத்துப்போய் உட்காரவைத்து, "காபி போடட்டா தம்பி? காபி குடிக்கியா?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

வெயில் சாய்ந்ததும் பையா அங்கேயே ஏறி வந்தார். வழியில் நனைந்த பெட்டியைப் பார்த்திருக்கிறார். "அரே பாய், ரேஸ் ஓட்டச் சொன்னா காரைக் கழுவி விட்டியா?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டு, "சரி, சொல்லு. எல்லாப் பெட்டிக்கும் கார்டு மட்டும் வாங்கிப் போட்டால் போதுமா, போதாதா?" என்றார்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே, "அகேலா கார்டு நஹீன்... ப்ராசஸர் பீ" என்றார். கார்டு மட்டும் போதாது, ப்ராசஸரும் வேண்டும் என்று.

"பஸ், போதும்! இதைத்தானே கேட்டேன்? முன்னே வேலைக்கு வந்த பையன்கள் ஓடும், ஓடும் என்றே சொன்னார்கள். ஓடாது என்று சொல்ல ஒருவன் வேண்டுமே. நாளைக்குக் கடைக்கு வா. கூலரைக் கொண்டுவராதே."

ஊரில் ஒருமுறை சாவின் வாசலிலிருந்து இழுத்துவந்துதான் மாமாவை டில்லிக்கு ரயிலேற்றியிருந்தார்கள் என்பது எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது. அன்று நான் பார்த்ததெல்லாம் இவ்வளவுதான்: பையா படியிறங்கிப் போன பிறகும், வேலை கிடைத்த பிறகும், அம்மா அந்தச் சட்டை நுனியை விடவில்லை. அவள் விரல்கள் வெளுத்திருந்தன. அடேயப்பா, கம்ப்யூட்டர் என்பது எவ்வளவு விலையுள்ள சாமானாக இருக்கவேண்டும், அதைக் கெடுத்த ஆள் ஓடிப்போகாமல் அம்மா இந்தப் பிடி பிடித்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.