அம்சம் வைத்த நத்தைக் குழம்பு

சம்பா வயலின் வரப்போரத்தில் ஊரும் நத்தையை நீங்கள் என்றாவது தின்றிருக்கிறீர்களா? இல்லையென்றால், அதைத் தின்பவர் தாழ்ந்தவர் என்று உங்களுக்குச் சொன்னது யார்?

நானும் தின்றதில்லை. தெரிந்துகொள்ளத்தான் திருவாரூருக்குக் கிழக்கே அம்சத்தின் வீட்டுக்குப் போனேன். நடவு நட்டே நாற்பது வயதைத் தொட்டவர் அம்சம். சத்துணவு தொடங்கிய இந்த ஆண்டில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. மூன்றாம் மாதமே மேலே ஒரு மனு போய்விட்டது: 'நத்தை ஆக்கும் கையால் பொங்கிய சோற்றை எங்கள் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.' முதல் கையெழுத்து மிராசுதார் நாகநாதனுடையது. போன தை அறுவடையில், கூலி நெல்லை உயர்த்தாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று அவருடைய களத்தில் முதலில் உட்கார்ந்தவர் அம்சம். மனுவில் அந்தக் கதை இல்லை. வியாழக்கிழமை அதிகாரி பள்ளிக்கூடத்துக்கே வந்து விசாரிக்கிறார். வேலை நிலைக்குமா போகுமா என்பது அன்று தெரியும்.

"நத்தையை எப்படித்தாங்க ஆக்குறீங்க?" என்றேன்.

"கேக்க வந்தீங்களா, திங்க வந்தீங்களா?" என்று சிரித்தார்.

முதல்நாளே பொறுக்கித் தண்ணீரில் போட்டுச் சேற்றைக் கக்க வைத்திருந்தார். நன்றாகக் கொதித்ததும் இறக்கி, கருவேல முள்ளால் ஓட்டிலிருந்து சதையைச் சுழற்றி எடுத்தார். கறுத்த வாலைக் கிள்ளி எறிந்தார். சாம்பலும் உப்பும் போட்டுக் கசக்கி, வழுவழுப்புப் போக ஆறு முறை அலசினார். எந்தப் பெரிய வீட்டு அடுக்களையிலும் ஒரு பொருளை இத்தனை முறை கழுவி நான் பார்த்ததில்லை. பிறகு சின்ன வெங்காயம், மஞ்சள், புளிக்கரைசல், அம்மியில் அரைத்த மிளகும் சீரகமும்.

"மிளகு ஏன் இவ்வளவு?"

"சளிக்குக் கேக்கும். மூலத்துக்கு இதைவிட மருந்தே இல்லைங்க."

கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள். நாகநாதனின் பண்ணையாள் செல்லதுரை. கையில் பித்தளைத் தூக்கு.

"அக்கா, ஐயாவால உக்காரவே முடியல. மிளகு தூக்கலாப் போடச் சொன்னாங்க."

"மனுவுல கையெழுத்து மட்டும் எப்புடிப் போட்டாராம்?"

"நின்னுக்கிட்டேதான்க்கா போட்டாரு!"

அம்சம் தூக்கை வாங்கித் திருப்பினார். விளிம்பில் 'ப. நாகநாதன்' என்று பெயர் வெட்டியிருந்தது. அந்த வீட்டில் கரண்டியில்கூடப் பெயர் வெட்டுவார்கள். குழம்பைத் தம் மண்சட்டியில் ஊற்றி நீட்டினார்.

"தூக்கைக் குடுக்கலையாக்கா?"

"இங்கயே இருக்கட்டும். வியாழக்கிழமை அதிகாரி முன்னால வந்து, என்னோடதுதான்னு சொல்லி வாங்கிக்கச் சொல்லு."

"என் தோலை உரிச்சிடுவாரு!"

"மொதல்ல உக்காரட்டும்."

செல்லதுரை சட்டியோடு போனபின், "இல்லையென்று சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நோவுன்னு வந்தா இல்லேம்பாங்களா? அந்தத் தூக்கையும் நான் நம்பலைங்க. நான் திருடிட்டேன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. பள்ளிக்கூடத்துப் பந்தியில ஆளு உக்காந்து என் சோத்தைத் திங்கணும். அதைத்தான் மறுக்க முடியாது."

அவர் சொன்னது சரி. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வந்து, அதிகாரி பார்க்கத் தரையில் உட்கார்ந்து, அம்சம் போடும் சோற்றைச் சாப்பிடுங்கள்.