பாம்பில்லாத தீவில் நான் விட்ட பாம்பு

போன வாரம் வல்லம் போகும் வழியில் ஒரு கானாங்கோழி, கறுப்புக் குஞ்சுகளோடு ரோட்டைக் கடந்தது. வண்டியை நிறுத்தினேன். பின்னால் வந்தவர், "இன்னா சார், கோழிக்கா நிக்கிற?" என்றார். எனக்குப் பத்மா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பத்மா மேல்சித்தாமூர்ப் பெண், விலங்கியல் கடைசி வருஷம். கானாங்கோழிக்கு உறவான, பறக்கத் தெரியாத இரண்டு தீவுப் பறவைகளை ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வந்தாள். ஒன்று குவாம் தீவு, இன்னொன்று லார்ட் ஹோ தீவு. எனக்கு இரண்டும் ஒரே கோழிதான். வேகமாக அடிப்பேன் என்ற கர்வம் வேறு.

அன்று மதியமே கல்லூரியில் கொடுக்க வேண்டும். பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தவளின் முகம் மாறியது.

"அண்ணா, பாம்பு வந்தது குவாம்லணா. கப்பல் சரக்கோட வந்து பறவைய எல்லாம் தின்னுடுச்சி. லார்ட் ஹோல பாம்பே கெடையாது. நீங்க கொண்டுபோய் விட்டுட்டீங்க."

"அப்ப அங்க இன்னாதான் ஆச்சி?"

"மனுசன் அடிச்சித் தின்னான், பன்னி முட்டையத் தின்னுச்சி. மிச்சம் இருந்தத வளத்துக் காட்டுலயே விட்டாங்க. குவாம் பறவ கூண்டுல மட்டுந்தான் இருக்குது."

திருத்த உட்கார்ந்தேன், கரண்டு போய்விட்டது. திண்டிவனம் பஸ்ஸுக்குக் கால் மணி நேரம். அவள் அழவில்லை. பேனாவை எடுத்துத் தவறான வரிகளை அடித்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் அந்த வரிகளுக்கு மேலே எழுதினேன். பன்னி, பாம்பு, கூண்டு எல்லாம் அதனதன் தீவுக்குப் போய்ச் சேர்ந்தன. பஸ் நகரும்போது ஓடி ஏறினாள். பாஸாகிவிட்டாள் என்று பிறகு அவள் அண்ணன் வந்து சொன்னார்.

கோழிக்கு நின்ற அன்றே பத்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது டீச்சர். "குவாம் பறவைய வெளிய விட்டுட்டாங்கணா, பக்கத்துத் தீவுல. குஞ்சு பொரிச்சிருக்குது. ஆனா ஆபத்து தீரல. லார்ட் ஹோல எலிய ஒழிச்ச பெறகு அந்தப் பறவ நல்லா பெருகிடுச்சி" என்றாள், நேற்று படித்ததுபோல.

அந்தக் கட்டுரை இருக்கிறதா என்று கேட்டேன். வீடு மாறியதில் தொலைந்ததாம். கல்லூரிப் பிரதியைப் பழைய பேப்பருக்குப் போட்டிருப்பார்கள். எங்கள் சென்டர் இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. பறவைகள் இரண்டும் இருக்கின்றன. என் கையெழுத்து விழுந்த அந்தத் தாள்தான் எங்கேயும் இல்லை.