சூளைக்குப் பதிலாக நான் உட்கார்ந்தது

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து கோட்டுக்கு மேலும் கீழும் போகும், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். சூளையைப் பற்றிச் சொல்வதில் மட்டும் பிழை இருக்காது.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறேன். பொம்மை வேகும் கேஸ் சூளை. சூட்டைப் பார்த்து வால்வைத் திருப்புவது என் வேலை. அதைக் கம்ப்யூட்டரே செய்ய ஒரு புரோகிராம் எழுதித் தருவதாக என் மச்சினன் சொன்னான். வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். முதலாளியம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். யாரிடமும் எதுவும் கேட்காத நான் கேட்டதால் அவர் ஒப்புக்கொண்டார்.

இரண்டு லோடு நன்றாக வந்தது. மூன்றாவதில் பொம்மைகள் குழைந்து தட்டோடு ஒட்டிக்கொண்டன.

"இன்னொரு லோடு இப்படிப் போச்சுன்னா அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய கழட்டிடுங்க. உங்க பேச்ச நம்பித்தான் வச்சேன்" என்றார் அம்மா. பெட்டி போவதைவிட என் பேச்சு போவதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மனைவியையும் கூட்டிக்கொண்டு மச்சினன் வீட்டுக்குப் போனேன்.

"சோதிச்சுப் பாக்கலியா மாப்ள?"

"எப்படிப் பாக்கறது மாமா? ஒரு தடவ ஓட்டணும்னா சூளைய கொளுத்தணும். பன்னெண்டு மணி நேரம், ஒரு லோடு சரக்கு."

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. புரோகிராமை அவனையே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். கிளாஸ் என்று அவர்கள் சொல்லும் ஒரே துண்டு, சூட்டை அளக்கும் வயரிடம் தானே போகிறது, கடிகாரத்தைத் தானே பார்க்கிறது, வால்வையும் தானே திருப்புகிறது. எதையும் பிரிக்க முடியாது.

எங்கள் கம்பெனியில் பர்னரைப் பழுது பார்த்தால் அதைச் சூளையில் மாட்டிக் கொளுத்த மாட்டோம். வெளியே செங்கல் மேல் வைத்து எரித்துப் பார்ப்போம். சுடர் சரியாக இருந்தால்தான் மாட்டுவோம்.

"சூளைக்குப் பதிலா நான் உக்காரறேன்" என்றேன். "சூடு எவ்ளோ, மணி எவ்ளோன்னு நான் சொல்றேன். உன் புரோகிராமு வால்வ திருப்ப வேணாம். எவ்ளோ திருப்புவேன்னு எழுதிக் காட்டட்டும்."

டீ கொண்டுவந்த என் மனைவி, தன் தம்பியிடம், "வூட்டுல கேட்டதுக்கே பதில் சொல்லாத மனுசன், சூளையானதும் எப்படிப் பேசறாரு பாரு" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. வேலையை ஆரம்பித்துவிட்டான். நன்றாக வந்த இரண்டு லோடுகளில் புரோகிராம் செய்ததன் பதிவை முதலில் எடுத்து வைத்துக்கொண்டான். மாற்றிய பிறகும் அது அப்படியே செய்ய வேண்டும். பிறகு சூடு, நேரம், வால்வு மூன்றையும் வெளியிலிருந்து கொடுக்கும்படி பிரித்தான். சூளையில் நிஜ வயர், மேசையில் என் வாய். பன்னிரண்டு மணி நேரம் ஒரு டீ ஆறுவதற்குள் ஓடிற்று, அந்த இரண்டு லோடுகளில் செய்தபடியே.

"இது நல்ல சூளை. இப்போ கெட்ட சூளை சொல்றேன், போடு" என்றேன். "ஆயிரத்து நூறு. ஆயிரத்து நூத்திப் பத்து. பூஜ்யம்."

"பூஜ்யம் எப்படி மாமா வரும்?"

"வயரு லூசானா அப்படித்தான் காட்டும். கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்."

போட்டான். வால்வை முழுக்கத் திற என்று திரையில் வந்தது. சூளை ஆறிவிட்டதாக நினைத்து அது தீயை ஏற்றுகிறது. மூன்றாவது லோடு போன வழி இதுதான்.

தப்பு என்னுடையதும்தான். பூஜ்யம் காட்டினால் நான் வால்வைத் தொடாமல் வயரின் முனையைத் தட்டுவேன். சூளை ஒரு நொடியில் ஆறாது என்பது எல்லாருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் பூஜ்யத்தை அவன் ஒரு சோதனையாகவே எழுதி வைத்தான். சூடு திடீரென்று விழுந்தால் வால்வு இருந்தபடியே நிற்க வேண்டும், மணி அடிக்க வேண்டும். அது தேறும்வரை திருத்தினான்.

நான்காவது லோடில், ஆயிரத்தைத் தாண்டியதும் மணி அடித்தது. வால்வு அசையவில்லை. போய் முனையைத் தட்டினேன். சூடு திரும்ப வந்தது.

சூளை ஆறியதும் அம்மா ஒரு பொம்மையை எடுத்து நகத்தால் சுண்டினார். கணீரென்றது. என்னைப் பார்த்து, "அடுத்த லோடு ஏத்துங்க" என்றார்.

எனக்குத் தெரிந்த கெட்ட சூளைகளையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொல்லி மச்சினன் ஒரு நோட்டு தந்தான். எழுதிவிட்டேன். ஒவ்வொன்றையும் சோதனையாக்குகிறான். மிச்சமிருந்த தாள்களில் இதையும் எழுதினேன்.

தை இரண்டு, மாட்டுப் பொங்கல்.