குரங்குகள் தூங்கப் போகும் நேரம்

நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டில் எனக்கென்று தனியாக ஓர் அறை கட்டினார்கள். குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தனி அறை என்பதை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்பா துபாயில் இருந்தார். போனிலேயே கொத்தனாரிடம் பேசினார், போனிலேயே பெயிண்டுக்கு நிறம் சொன்னார். இரண்டு மாத லீவில் வந்ததும் ஒரு தேக்குக் கட்டில் வாங்கிப் போட்டார். என் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக வந்து ரோஸ் நிறச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தூங்கத்தான் முடியவில்லை.

அதுவரை நாங்கள் எல்லோரும் ஹாலில் பாய் விரித்து வரிசையாகப் படுப்போம். தம்பியின் கால் என் வயிற்றின் மேல் கிடக்கும். அம்மா திரும்பிப் படுத்தால் வளையல் சத்தம் கேட்கும். புது அறையில் காற்றாடியைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. கண் செருகும் நேரத்தில் எங்கிருந்தோ கீழே விழுவது போலிருக்கும். தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

காலையில் அப்பா தினமும் கேட்பார்: “ரூம் புடிச்சிருக்கா ஆத்தா?”

“ரொம்பப் புடிச்சிருக்குப்பா.”

அவர் முகத்தைப் பார்த்த பிறகு வேறு பதில் சொல்ல வாய் வராது. பள்ளிக்கூடத்தில் உண்மை வெளியே வந்தது. கணக்குப் பாடத்தில் தூங்கினேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் சாம்பார்த் தட்டிலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டேன். டீச்சர் சொல்லியனுப்ப, அம்மா என்னை இலுப்பூருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி ஒரு டானிக் வாங்கி வந்தார். டானிக் இனிப்பாக இருந்தது. தூக்கம் வரவில்லை.

அப்பாவின் தங்கையான என் அத்தை அப்போது எங்கள் வீட்டிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போய் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். கண்மாய்க் கரைப் புளியமரங்களில் குரங்குகள் எப்படித் தூங்கப் போகின்றன என்று பார்த்து எழுதுவதுதான் அவருடைய புராஜெக்ட். குரங்கு தூங்குவதை எழுதவும் ஒரு படிப்பா என்று ஊரே சிரித்தது. ஒருநாள் சாயங்காலம், “துணைக்கு வா” என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பொழுது சாயும் முன்பே குரங்குகள் மரமேறத் தொடங்கின. ஒன்று ஏறி, இடம் பார்த்து, பிடிக்காமல் இறங்கி, வேறு கிளைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் மூன்றும் நான்குமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. எது யாருடைய வால் என்று சொல்ல முடியாது.

“ஏன் அத்தை இப்படி ஒட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு?”

“குளிராதுல்ல. அதோட, எதாச்சும் வந்தா ஒண்ணு முழிச்சாலும் எல்லாம் தப்பிச்சிரும்.” எழுதிக்கொண்டே அத்தை சொன்னார். “நாமளும் ஒரு காலத்துல மரத்துலதான் தூங்கிருப்போம். தரைக்கு எறங்கி வந்தப்புறமும் கூட்டமாத்தான் படுத்திருப்பாங்க. மத்த கொரங்குகளவிட நாம தூங்குறது கம்மி, ஆனா ஆழமா தூங்குவோம்.”

நான் விழுவது போலிருப்பதைச் சொன்னேன். அத்தை எழுதுவதை நிறுத்தினார். “கிளையிலேருந்து விழுந்துருவோம்னு இருந்த பயத்தோட மிச்சம்னு சிலபேரு சொல்றாங்க. நெசமான்னு யாருக்கும் தெரியாது.”

எனக்கு அது போதுமாயிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது, நான் மரத்திலிருந்து வந்தவள் என்றும், உலகத்தில் எந்தக் குரங்குப் பிள்ளையும் ஒத்தையில் படுப்பதில்லை என்றும் எல்லோருக்கும் அறிவித்தேன்.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. “ஏம்மா, எம்புள்ளையக் கொரங்கோட சேக்குறியா?” என்று அத்தையைக் கேட்டார்.

“சேக்கலண்ணே. நாளைக்கு நீங்களே வந்து பாருங்க.”

அப்பா வந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பைக்கில் சாய்ந்து நின்றார். குரங்குகள் ஒவ்வொன்றாய்க் கூடின. அப்புறம் ஒரு குட்டி மட்டும் தனியாக நின்றதைப் பார்த்தார். அது ஒரு கூட்டத்துக்குள் தலையை நுழைத்தது. ஒரு பெரிய குரங்கு பல்லைக் காட்டி விரட்டியது. இன்னொரு கூட்டத்துக்குப் போனது. அங்கேயும் இடமில்லை. கிளை நுனியில் உட்கார்ந்து கிறீச்சென்று கத்தியது.

“அங்கிட்டுப் போ,” என்றார் அப்பா மெதுவாக. “அங்கிட்டு இல்ல, மேல. மேல ஏறுடா.”

மேல்கிளையில் இருந்த ஒரு கிழட்டுப் பெண்குரங்கு கையை நீட்டிக் குட்டியை இழுத்து மடிக்குள் போட்டுக்கொண்டது. அப்பா பெருமூச்சு விட்டார். மரத்தைப் பார்த்தபடியே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

“ரூம்ல தூக்கம் வரலையா ஆத்தா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “கட்டில் நல்லாத்தான்பா இருக்கு. எனக்குத்தான் கண்ணே மூட மாட்டேங்குது.”

“அதுக்கு எதுக்கு அழுவுற? வா, ஏறு வண்டியில.”

அன்றைக்கு ஹாலில் பாய்களை அப்பாவே விரித்தார். தம்பிக்கும் அம்மாவுக்கும் நடுவில் எனக்கு இடம். நான் தூங்கிய தூக்கத்தில் மறுநாள் பள்ளிக்கூட வேனைத் தவறவிட்டேன். அம்மா டானிக்கின் மகிமையைத் தெருவெல்லாம் சொன்னார். கட்டிலில் கடலை மூட்டைகளை அடுக்கினோம். அப்பா லீவு முடிகிறவரை தினமும் அத்தையோடு கண்மாய்க்கரைக்கு வந்தார். எண்ணிக்கையில் அத்தை தவறு செய்தால் திருத்தவும் செய்தார்.

அப்பா ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகு, ஒருநாள் பேச்சுவாக்கில் தன் துபாய் அறையைப் பற்றிச் சொன்னார். எட்டு பேருக்கு ஓர் அறை. ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில்கள். அவருக்கு மேல்கட்டில், முகத்துக்கு நேரே டியூப் லைட். எட்டு பேரும் வேறு வேறு ஷிஃப்ட் என்பதால் விளக்கு அணைவதே இல்லை. யாராவது ஒருவர் கிளம்பிக்கொண்டோ வந்துகொண்டோ இருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில், தனியாக, ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்று அத்தனை வருஷமும் அந்த வெளிச்சத்தில் படுத்து ஆசைப்பட்டிருக்கிறார். அந்த ஆசையைத்தான் எனக்குச் சுவர் எழுப்பி, ரோஸ் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார். அதை ஒரு சாயங்காலத்தில், ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டுக்கொடுத்தும் இருக்கிறார்.

அன்று பைக்கில் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு வீட்டுக்குப் போகும்போது, அப்பாவுக்கும் குரங்குகளைப் பிடித்துப்போய்விட்டது என்று மட்டும்தான் நினைத்தேன்.