உம்மாவின் மணல் பாட்டில்கள்

நவி மும்பையில் நெருளுக்குக் குடிவந்த பிறகு உம்மா நிஜமான இரும்பு டம்பெல் வாங்கிவிட்டாள். தாராவியில் இருந்தபோது எங்களுக்கு வாய்த்தவை மணல் பாட்டில்கள்தான்.

உம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், மாட்டுங்கா டாக்டரம்மா மாத்திரையோடு பாரமும் தூக்கச் சொன்னார். உம்மா இரண்டு குளிர்பான பாட்டில்களில் மணல் நிரப்பி, பழந்துணி சுற்றித் தைத்துக்கொண்டாள். வாப்பா தோல் பட்டறைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, பல்லைக் கடித்தபடி தூக்குவாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் விரலில் ஊசி குத்தி, மெஷினில் சர்க்கரை பார்ப்பது நான்தான். ஒருநாள் சும்மா, தூக்குவதற்கு முன்னும் பின்னும் பார்த்தேன். நூற்று நாற்பது, நூற்று எண்பதாகியிருந்தது. மறுநாளும் ஏறியது.

"எவ்ளோ புள்ள?"

"நூத்தி இருவது" என்று பொய் சொன்னேன்.

பாட்டில்கள்தாம் உம்மாவைக் கொல்கின்றன என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் மணலைச் சாக்கடையில் கொட்டி, உள்ளே பஞ்சை அடைத்தேன்.

அடுத்த நாள் உம்மா மூச்சை இழுத்துப் பிடித்து, முழு பலத்தோடு தூக்கினாள். கை விர்ரென்று மேலே போய் அலமாரியிலிருந்த மாவு டப்பாவை இடித்தது. தலையெல்லாம் கோதுமை மாவு.

"என்னட்டி பண்ணி வச்சிருக்க?"

"நீ தூக்குனா சுகர் ஏறுதும்மா" என்று கதறினேன். மாவைத் தட்டக்கூட மறந்து அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று மாலையே டாக்டரம்மாவிடம் போய், நான் பொய் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னோம்.

"பாரம் தூக்கறச்சே அட்ரினலின் சுரக்கும். ஈரல் சர்க்கரையை எடுத்து ரத்தத்துல விடும், அதான் ஏறறது. அப்புறம் தசையெல்லாம் அதை இழுத்துக்கும். ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாரு, கண்ணா. ஆனா நம்பரை மாத்திச் சொல்லப்படாது" என்றார் அவர்.

பிறகு உம்மாவிடம், "பாதிப் பேர் ஒரு வாரத்துல விட்டுடறா. நீங்க எப்படி ஒருநாள் விடாம பண்றேள்?" என்று கேட்டார்.

"எங்க ராத்தா சக்கரையிலதான் போனா, டாக்டர். நாப்பது வயசுல" என்று உம்மா சிரித்தாள்.

அந்தப் பெரியம்மாவை நான் பார்த்ததே இல்லை. உம்மா சிரித்ததால் நானும் சிரித்தேன். உம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு என்பது எனக்குத் தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.