தவளை முட்டைக்குக் காவல்

குற்றாலத்தில் சாரல் நேரம். ஒரு விடுதித் தோட்டத்துக் குளத்தில் நீரூற்று மோட்டார் பழுது என்று போன் வந்ததால் சரிபார்க்கப் போனேன். மாலையில் அங்கே கல்யாண வரவேற்பு.

தோட்டக்காரர் தலையில் ஷவர் கேப், கழுத்தில் விசில். அருவியில் வெள்ளம் வந்தால் போலீஸ் செய்வதுபோல், குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, "குளிக்கத் தடை" என்று அட்டை மாட்டியிருந்தார். நான் தண்ணீரில் கை வைத்ததும் விசில் ஊதினார்.

"ஏம்மா, தவளை முட்டை போட்டிருக்குல்லா? மோட்டாரைப் போட்டா அம்புட்டும் கூழாயிரும்."

"முதலாளி கேட்டா?"

"ஓட்டக்கூடாதுன்னு இஞ்சினியரம்மா சொல்லிட்டாவன்னு இப்பதான் சொன்னேன்."

உடனே முதலாளி என்னை போனில் அழைத்தார். "இன்னைக்கு ஓட்ட முடியாது சார்" என்றேன்.

பஸ் இலஞ்சியைத் தாண்டும்போதுதான் உறைத்தது. மோட்டாரை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பழுது என்று என்னைக் கூப்பிட்டவரும் அந்தத் தோட்டக்காரரேதான்.